மாடிக்கு எட்டாத வைஃபை: வீட்டு நெட்வொர்க்கை நீட்டிக்கும்போது வரும் கோளாறுகளை அறிகுறி வாரியாகக் களைதல்

மதுரையில் ஃபைபர் இணைப்பு வீட்டுக்குள் எந்த இடத்தில் நுழைய வேண்டும் என்பதை வீட்டுக்காரர் முடிவு செய்வது அரிது. மின்கம்பத்திலிருந்து இழுத்து வரப்படும் கேபிள் வாசல் சன்ஷேடு வழியாகவோ முன்ஜன்னல் ஓரமாகவோ உள்ளே வருகிறது. இணைப்புக் கொடுக்க வந்தவர் அதற்கு மிக அருகில் எந்த பிளக் பாயின்ட் இருக்கிறது என்று பார்த்து, டிவிக்குப் பின்னாலோ செருப்பு அலமாரிக்கு மேலேயோ மோடத்தை மாட்டிவிட்டுப் போய்விடுகிறார். மாசி வீதிகளையும் ஆவணி மூல வீதிகளையும் ஒட்டிய பழைய சந்துகளில் வீடுகள் அகலம் குறைந்து, நடை, கூடம், பின்கட்டு என்று உள்ளே நீண்டு போகின்றன. வாசலில் இருக்கும் மோடத்துக்கும் பின்கட்டு அறைக்கும் நடுவே சுண்ணாம்புக் காரை பூசிய தடித்த செங்கல் சுவர்கள் பல நிற்கின்றன. அண்ணா நகர், கே.கே. நகர், திருநகர், விளாங்குடி போன்ற பகுதிகளில் வீடு நீளத்தில் சிறியதானாலும் மேலே இரண்டு தளம் ஏறுகிறது. அங்கே தடையாக நிற்பது கம்பி கட்டிய கான்கிரீட் தளம்.

இரண்டு வகை வீட்டிலும் "நெட் எட்டவில்லை" என்ற ஒரே புகார்தான் வருகிறது. உடனே கடைக்குப் போய், வரும் வைஃபையை வாங்கி மறுபடி அனுப்பும் ஒரு ரிப்பீட்டரோ, பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாக இயங்கும் மெஷ் பெட்டியோ வாங்கி வருவது வழக்கமாகிவிட்டது. கோளாறு எந்த இடத்தில் இருக்கிறது என்று அளந்து பார்க்காமல் வாங்கும் பெட்டி, பெரும்பாலும் அந்தக் கோளாறை இன்னோர் அறைக்குக் கொண்டு போவதோடு சரி. அளந்து பார்த்த பிறகு பாதி வீடுகளில், வைஃபையைப் பரப்பும் பெட்டியான ரவுட்டரை இடம் மாற்றினாலே போதும் என்று தெரியவரும். மீதி வீடுகளுக்கு வேண்டியது மேலே போகும் ஒரு நல்ல செம்புக் கேபிள்.

முதலில் எடுக்க வேண்டிய அளவுகள்

எந்த அறிகுறியானாலும் மூன்று இடங்களில் வேகத்தை அளந்து தாளில் குறித்துக்கொள்ள வேண்டும். முதலாவதாக, ஒரு மடிக்கணினியை லேன் கேபிள் மூலம் மோடத்திலேயே நேரடியாகச் செருகி, வீட்டில் உள்ள மற்றவர்களின் கைபேசிகளில் வைஃபையை அணைக்கச் சொல்லிவிட்டு அளப்பது. இரண்டாவதாக, ரவுட்டருக்கு ஓரிரு மீட்டர் தள்ளி நின்று 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையில் அளப்பது. மூன்றாவதாக, தொல்லை தரும் அறையில் நின்று அளப்பது. முதல் அளவே குறைவாக இருந்தால் குற்றம் வெளியிலிருந்து வரும் இணைப்பில் இருக்கிறது. வீட்டுக்குள் எதை மாற்றினாலும் பயன் இல்லை. முதல் அளவு சரியாக இருந்து இரண்டாவது குறைந்தால் ரவுட்டரில் வைஃபை அலையை அனுப்பிப் பெறும் வானொலிப் பகுதியையோ அக்கம்பக்கத்து வைஃபைகளின் நெரிசலையோ சந்தேகிக்க வேண்டும். முதல் இரண்டும் சரியாக இருந்து மூன்றாவது மட்டும் விழுந்தால்தான் அது பரப்புக் குறை. பகலில் ஒரு முறையும் இரவு ஒன்பது மணி வாக்கில் ஒரு முறையும் அளப்பது நல்லது. இரவில் மட்டும் விழும் வேகம் சுவரால் வருவதன்று.

வேகத்தோடு சிக்னல் வலிமையையும் எண்ணாகக் குறிக்க வேண்டும். கைபேசியின் மேல் ஓரத்தில் தெரியும் கோடுகளை ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி வரைகிறது, அவற்றை நம்ப முடியாது. ஆண்ட்ராய்டு கைபேசியில் வைஃபை அனலைசர் வகைச் செயலி ஒன்றைப் போட்டால் டிபிஎம் என்ற அலகில் கழித்தல் குறியோடு ஓர் எண் காட்டும். −50 என்றால் மிக நன்று. −67 வரை வீடியோ அழைப்பு தடையின்றி ஓடும். −75ஐத் தாண்டினால் பக்கங்கள் திணறும். −80ஐத் தாண்டினால் இணைப்பு இருப்பதாகப் பெயர் மட்டும் இருக்கும்.

அறிகுறி: மோடம் இருக்கும் அறையிலேயே வேகம் இல்லை

கேபிளில் செருகிய மடிக்கணினியிலும் வேகம் இல்லையென்றால் மோடத்தின் விளக்குகளைப் பாருங்கள். லாஸ் என்று எழுதிய விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளி வந்து சேரவில்லை, அதாவது கேபிள் எங்கோ அறுந்தோ கழன்றோ இருக்கிறது. அணிலும் எலியும் கடிப்பது எல்லாப் பகுதியிலும் உண்டு. சிவப்பு எரியாமலேயே வேகம் விட்டுவிட்டு வந்தால், மோடத்தின் அமைப்புப் பக்கத்தில், வந்து சேரும் ஒளியின் வலிமையைக் காட்டும் ஆப்டிகல் பவர் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். வீடுகளில் பரவலாக உள்ள ஜிபான் வகை ஃபைபர் மோடங்களில் அது −8க்கும் −27க்கும் இடையில் இருக்க வேண்டும். −27ஐ ஒட்டி நின்றால் மழை நாளில் விழுந்துவிடும். மோடத்துக்குப் பின்னால் மெல்லிய ஃபைபர் கூர்மையாக மடங்கி டிவி ஸ்டாண்டுக்கும் சுவருக்கும் நடுவே நசுங்கியிருப்பது இதற்கு அடிக்கடி காணும் காரணம். மடிப்பை விடுவித்துத் தளர்வான வட்டமாகச் சுற்றி வைத்த உடனே எண் இரண்டு மூன்று அலகு ஏறக் காணலாம். ஏறவில்லை என்றால் இணைப்பு நிறுவனத்தாரை அழைத்து, அந்த எண்ணைச் சொல்லிப் புகார் பதியுங்கள். "ஸ்லோவாக இருக்கிறது" என்று சொல்வதைவிட அந்த எண்ணுக்கு மதிப்பு அதிகம்.

கேபிளில் வேகம் சரியாக வந்து வைஃபையில் மட்டும் இல்லையென்றால், கைபேசி 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். சுவரோடு சுவர் ஒட்டிய தெருக்களில் அந்த அலைவரிசையில் ஒரே நேரத்தில் இருபது முப்பது பெயர்கள் தெரிவது சாதாரணம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். எது காலியாக இருக்கிறதோ அதை வைத்து, சேனல் அகலத்தை 20 மெகாஹெர்ட்ஸாக்குங்கள். 40 என்று வைத்தால் வேகம் கூடும் என்பது காலி மைதானத்தில் மட்டும் உண்மை. ரவுட்டரின் முதுகில் யுஎஸ்பி 3 வன்தட்டைச் செருகி வைத்திருந்தால் அதைக் கழற்றிவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். அந்த வகை இணைப்பிலிருந்து எழும் இரைச்சல் 2.4 ஜிகாஹெர்ட்ஸைக் கெடுக்கும்.

அறிகுறி: முன்னறையில் சரியாக இருக்கிறது, பின்கட்டிலோ மாடியிலோ இல்லை

இதுதான் உண்மையான பரப்புக் குறை. பெட்டி வாங்குவதற்கு முன்பாக, ரவுட்டர் எதன் பக்கத்தில் இருக்கிறது என்று பாருங்கள். நம் வீடுகளில் வைஃபைக்கு மிகப் பெரிய எதிரி இரும்பு பீரோ. ரவுட்டருக்கும் படுக்கையறைக்கும் நடுவே சுவரை ஒட்டி ஆளுயர பீரோ நின்றால், சுவரின் தடிமனை எண்ணிக் கவலைப்படுவது வீண். அந்தத் திசையில் அலை போகாது. பீரோவுக்கு அடுத்து ஃப்ரிட்ஜ், ஆளுயரக் கண்ணாடி, மீன் தொட்டி, தண்ணீர் நிரம்பிய டிரம் ஆகியவை வரும். சுவரில் பதித்த அலமாரிக்குள் ரவுட்டரை வைத்துக் கதவைச் சாத்தும் வழக்கமும் உண்டு. அலமாரிக் கதவு மரமானால் நட்டம் சிறிது, தகரமானால் பெரிது.

ஆகவே முதல் முயற்சியாக, மோடம் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். ஒரு நீண்ட லேன் கேபிளைத் தற்காலிகமாகத் தரையில் விட்டு, ரவுட்டரை வீட்டின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்து, தலைக்கு மேல் உயரத்தில் வைத்து அளந்து பாருங்கள். மோடமும் ரவுட்டரும் ஒரே பெட்டியாக இருந்தால் ஒரு பழைய ரவுட்டரை அந்தக் கேபிளின் முனையில் வைத்து அளக்கலாம். பழைய நீள வீடுகளில் கூடத்தில் இருக்கும் முற்றம் இதற்கு வாய்ப்பான இடம். முற்றத்தை ஒட்டிய தூணிலோ உத்தரத்திலோ மாட்டினால் திறந்த வெளி வழியாகச் சுற்றுப்பட்ட அறைகளுக்கும் மச்சுக்கும் அலை போகிறது. சுவர்களை ஊடுருவ வேண்டிய அவசியமே பாதியாகக் குறைகிறது. முற்றத்துக்கு மேல் தகர ஷீட் போட்டு மூடியிருந்தால் மச்சு அறைக்கு இந்த வழி கிடைக்காது.

கான்கிரீட் வீட்டில் நிலைமை வேறு. தளத்துக்குள் இருக்கும் கம்பி வலை 5 ஜிகாஹெர்ட்ஸை வெகுவாக விழுங்கிவிடுகிறது. ஒரு தளம் தாண்டினால் ஏதோ கிடைக்கும், இரண்டு தளம் தாண்டினால் கிடைக்காது. மாடிப்படி வீட்டுக்குள்ளேயே ஏறினால் படிக்கட்டு வாயில் அலைக்கு வழி விடும். நம் பக்கத்தில் வாடகைக்கு விடும் வசதிக்காகப் படிக்கட்டை வெளியே வைத்துக் கட்டுவதால் அந்த வழியும் பெரும்பாலான வீடுகளில் இல்லை. இத்தகைய வீட்டுக்கு, கேபிளில் வரும் நெட்டை வைஃபையாகத் தரும் ஆக்சஸ் பாயின்ட் ஒன்றைத் தளத்துக்குத் தளம் வைத்து, ஒவ்வொன்றுக்கும் கேபிள் இழுப்பதைத் தவிர நிரந்தரமான தீர்வு வேறில்லை என்பது என் கருத்து. ரவுட்டர் பெட்டியின் மேல் அச்சிட்டிருக்கும் சதுர அடிக் கணக்கைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஒன்பது அங்குலச் சுவர்களையும் கான்கிரீட் தளத்தையும் வைத்துப் போட்ட கணக்காக அது தோன்றவில்லை.

கேபிளுக்கு வழி தேடும்போது சுவரை உடைக்க வேண்டும் என்று நினைத்துப் பலர் பின்வாங்குகிறார்கள். மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து ஒவ்வொரு தளத்துக்கும் டிவி கேபிள் இறங்கும் பைப் பல வீடுகளில் ஏற்கெனவே பதிக்கப்பட்டிருக்கிறது. பயன்படாமல் கிடக்கும் பழைய டிவி கேபிளின் முனையில் புதிய லேன் கேபிளை இறுகக் கட்டி, டேப் சுற்றி வழவழப்பாக்கி, ஒருவர் மேலிருந்து இழுக்க மற்றவர் கீழிருந்து ஊட்டினால் வந்துவிடும். பைப் காலியாக இருந்தால் எலக்ட்ரீஷியன்கள் ஒயர் இழுக்க விடும் ஸ்பிரிங்கே போதும். மின்சார ஒயர் போகும் பைப்புக்குள் மட்டும் லேன் கேபிளை விடக் கூடாது. அதில் இரைச்சல் ஏறும் என்பதைவிட, பழைய மின்சார ஒயரின் உறை உரிந்து 230 வோல்ட் லேன் கேபிளுக்குத் தாவும் அபாயம் இருக்கிறது என்பதே முக்கியமான காரணம்.

அறிகுறி: ரிப்பீட்டர் வைத்த பிறகு சிக்னல் முழுதாகக் காட்டுகிறது, வேகம் மட்டும் இல்லை

கைபேசி காட்டும் முழுச் சிக்னல் ரிப்பீட்டருக்கும் கைபேசிக்கும் இடையில் உள்ளது. ரிப்பீட்டருக்கும் ரவுட்டருக்கும் இடையில் என்ன இருக்கிறது என்பதைக் கைபேசி அறியாது. சிக்னல் வராத அறைக்குள்ளேயே ரிப்பீட்டரைச் செருகினால், அதற்கும் வராத சிக்னலைத்தான் அது பெருக்கித் தர வேண்டியிருக்கிறது. ரவுட்டருக்கும் அந்த அறைக்கும் பாதி வழியில், −60இலிருந்து −65 வரை கிடைக்கும் இடத்தில் அதை வைக்க வேண்டும்.

இடம் சரியாக இருந்தாலும் ஒரு குறை மிஞ்சும். ஒரே வானொலியை வைத்து இரு பக்கமும் பேசும் ரிப்பீட்டர், கோவில் வாசலில் ஒருவர் சொல்வதைக் கேட்டு முடித்த பிறகே அடுத்தவருக்குச் சொல்லும் ஆளைப் போன்றது. ஒவ்வொரு செய்தியும் காற்றில் இரண்டு முறை போவதால் வேகம் ஏறக்குறைய பாதியாகிறது. இரண்டு அலைவரிசை உள்ள கருவியில், ரவுட்டரோடு 5 ஜிகாஹெர்ட்ஸிலும் கைபேசியோடு 2.4 ஜிகாஹெர்ட்ஸிலும் பேச வைத்தால் இந்த இழப்புக் குறையும். விலை உயர்ந்த மெஷ் பெட்டிகளுக்கும் இதே விதிதான். மெஷ் வாங்கியும் மாடியில் வேகம் இல்லை என்பவர்கள், அந்த இரண்டு பெட்டிகளையும் ஒரு லேன் கேபிளால் இணைத்துப் பார்க்க வேண்டும். பெரும்பாலான மெஷ் பெட்டிகள் கேபிளைக் கண்டதும் தாமாகவே காற்று வழியை விட்டுவிட்டு அதற்கு மாறிக்கொள்ளும்.

அறிகுறி: கேபிள் இழுத்தாயிற்று, ஆனாலும் 94 எம்பிபிஎஸ்ஸுக்கு மேல் ஏறவில்லை

300 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டியும் எந்த நேரத்தில் அளந்தாலும் 94, 95 என்றே நின்றால், வழியில் எங்கோ ஒரு கண்ணி 100 எம்பிபிஎஸ்ஸில் இணைந்திருக்கிறது. இந்த எண் நெரிசலால் வருவதில்லை. நெரிசல் என்றால் நேரத்துக்கு நேரம் மாறும். விண்டோஸ் கணினியில் ஈதர்நெட் இணைப்பின் விவரத்தைத் திறந்து பாருங்கள். 1000 என்று இருக்க வேண்டிய இடத்தில் 100 என்று இருக்கும்.

மோடத்தின் போர்ட்டை முதலில் பார்க்க வேண்டும். நிறுவனங்கள் கொடுக்கும் மோடங்களில் ஒரே ஒரு போர்ட் மட்டும் ஜிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், மற்றவை 100 என்று இருப்பதுண்டு. அடுத்தது நடுவில் உள்ள நெட்வொர்க் சுவிட்ச். பழைய சிசிடிவி வேலையில் மிச்சமான சுவிட்சை எடுத்துப் போட்டிருந்தால் அது 100க்கு மேல் போகாததாக இருக்கக்கூடும். டிவியில் அளந்து பார்த்துவிட்டு வருத்தப்படுபவர்கள், விலை உயர்ந்த டிவிகளில்கூட லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்ஸாகவே இருப்பது சாதாரணம் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். அந்த டிவிக்கு 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையே வேகமாக இருக்கலாம்.

இவை எல்லாம் சரியென்றால் மிஞ்சுவது கேபிள் முனை. 100 எம்பிபிஎஸ்ஸுக்கு 1, 2, 3, 6 ஆகிய நான்கு கம்பிகள் போதும். ஜிகாபிட்டுக்கு எட்டும் வேண்டும். 4, 5, 7, 8 ஆகியவற்றில் ஒன்று தொடாமல் நின்றாலும் நெட் ஓடும், 100இல் ஓடும். அதனால்தான் இந்தக் கோளாறு மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் இருக்கிறது. முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பக்கவாட்டில் பாருங்கள். எட்டுக் கம்பிகளும் பிளாஸ்டிக்கின் முன்சுவர் வரை போய் முட்டியிருக்க வேண்டும். ஒன்று மட்டும் ஒரு மில்லிமீட்டர் பின்தங்கியிருந்தால் அதன் மேல் இறங்கிய பித்தளைப் பல் காற்றைத்தான் கடித்திருக்கிறது. கேபிளின் வெளியுறை கனெக்டருக்குள் நுழைந்து பின்பக்கக் கவ்வியில் அகப்பட்டிருக்க வேண்டும். உறை வெளியே நின்று வண்ணக் கம்பிகள் மட்டும் ஓர் அங்குலம் தெரிந்தால், அந்த முனை இன்று வேலை செய்தாலும் பெருக்கும்போது துடைப்பம் பட்டு ஒரு நாள் விட்டுப்போகும். கேபிளுக்குள் இரண்டிரண்டாக முறுக்கி வரும் கம்பிகளின் முறுக்கைப் பிரிப்பது 13 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது.

கேபிள் டெஸ்டரில் எட்டு விளக்கும் வரிசையாக எரிந்தும் ஜிகாபிட் நிற்கவில்லை என்றால் நிற வரிசையைப் பாருங்கள். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளை பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளை பழுப்பு, பழுப்பு என்பது டி568பி என்ற தரப்படுத்திய வரிசை. பார்க்க அழகாக இருக்கிறது என்று ஆரஞ்சு இரண்டு, பச்சை இரண்டு, நீலம் இரண்டு, பழுப்பு இரண்டு என்று இரு முனையிலும் அடித்துவிடுகிறார்கள். இரு முனையும் ஒன்றாக இருப்பதால் டெஸ்டர் ஏற்றுக்கொள்கிறது. ஆனால் 3ஆம் 6ஆம் கம்பிகள் ஒரே முறுக்கைச் சேர்ந்தவையாக இருக்க வேண்டும் என்ற விதி உடைந்துபோவதால், ஓர் இணையின் இரைச்சல் மற்றதில் ஏறுகிறது. இரண்டு மூன்று மீட்டர் கேபிளில் இது தெரியாது, மாடி வரை இழுத்ததில் தெரியும்.

கேபிளையே சந்தேகிக்க வேண்டிய நேரமும் உண்டு. டவுன் ஹால் ரோட்டுக் கடைகளில் கேட் 6 என்ற தர வகை லேன் கேபிளைக் கேட்டால், பாதி விலைக்கு ஒன்று, முழு விலைக்கு ஒன்று என்று இரண்டைக் காட்டுவார்கள். மலிவானது பெரும்பாலும் செம்பு முலாம் பூசிய அலுமினியம். கம்பியின் மேற்பரப்பைப் பிளேடால் சுரண்டினால் உள்ளே வெள்ளி நிறம் தெரியும். இரண்டு மூன்று முறை மடக்கினால் ஒடிந்துவிடும். அறைக்குள் ஐந்து மீட்டருக்கு அது ஓடலாம். சுவருக்குள் பதித்து மறக்கப் போகும் கேபிளுக்கும், கேபிள் வழியே மின்சாரம் பெறும் கேமராவுக்கும் ஆக்சஸ் பாயின்ட்டுக்கும் அது உதவாது. சுத்தச் செம்பில் கேட் 5இ வாங்கினாலும் 100 மீட்டர் வரை ஜிகாபிட் தாராளமாகப் போகும். ஆகவே வீட்டு வேலைக்கு, கேட் எண்ணைவிடச் செம்பா என்ற கேள்வியே முதலில் கேட்க வேண்டியது.

அறிகுறி: பழைய ரவுட்டரை மாடியில் இணைத்ததும் வீடு முழுவதும் நெட் தடுமாறுகிறது

பழைய ரவுட்டரை ஆக்சஸ் பாயின்ட்டாகப் பயன்படுத்துவது நல்ல சிக்கனம். ஆனால் அதை எந்த மாற்றமும் செய்யாமல் லேன் போர்ட் வழியாகச் செருகினால், ஒரே வீட்டில் முகவரி கொடுக்கும் அதிகாரிகள் இருவர் ஆகிவிடுகிறார்கள். சில கைபேசிகள் கீழ் ரவுட்டரிடமும் சில பழைய ரவுட்டரிடமும் முகவரி வாங்கும். பழையதிடம் வாங்கியவற்றுக்கு வைஃபை இருக்கும், இணையம் இருக்காது. இரண்டு ரவுட்டர்களுமே 192.168.1.1 என்ற முகவரியில் உட்கார்ந்திருந்தால் குழப்பம் இன்னும் மோசமாகும்.

சரிசெய்ய, பழைய ரவுட்டரைத் தனியாக ஒரு கணினியில் இணைத்து, அமைப்புப் பக்கத்தில் ஆக்சஸ் பாயின்ட் முறை இருந்தால் அதைத் தேர்ந்தெடுங்கள். இல்லையென்றால் அதன் முகவரியை 192.168.1.2 என்பது போல, கீழ் ரவுட்டரோடு ஒத்த வரிசையில் வேறொன்றாக மாற்றி, முகவரி கொடுக்கும் வேலையான டிஎச்சிபியை அணைத்து, கீழிருந்து வரும் கேபிளை இன்டர்நெட் என்று எழுதிய போர்ட்டில் செருகாமல் லேன் போர்ட் ஒன்றில் செருகுங்கள். இன்டர்நெட் போர்ட்டில் செருகினாலும் நெட் வரும் என்று சிலர் அப்படியே விட்டுவிடுவார்கள். அப்போது மாடி தனி நெட்வொர்க்காகப் பிரிந்து, மாடியிலிருந்து கீழே உள்ள பிரிண்டரும், வீட்டு நெட்வொர்க் வழியாக மட்டும் பார்க்கக்கூடிய சிசிடிவி பதிவுப் பெட்டியும் தெரியாமல் போகும்.

இணைத்த கணத்திலேயே சுவிட்சின் எல்லா விளக்குகளும் ஒன்றாகப் படபடவென்று துடித்து வீடு முழுவதும் நெட் நின்றுபோனால், ஒரே கேபிளின் இரு முனையும் ஒரே சுவிட்சில் செருகப்பட்டிருக்கிறது, அல்லது இரண்டு கேபிள்கள் ஒரே இரண்டு பெட்டிகளை இணைக்கின்றன. ஒன்றைப் பிடுங்கினால் சில நொடிகளில் அடங்கும்.

அறிகுறி: மாடிக்கு ஏறினாலும் கைபேசி கீழ் ரவுட்டரையே பிடித்துக்கொண்டிருக்கிறது

எந்தப் பெட்டியோடு சேர்வது என்று முடிவு செய்வது கைபேசிதான், ரவுட்டர் அன்று. ஐபோன்கள் −70ஐத் தொட்ட பிறகே வேறு இடம் தேடத் தொடங்கும். கீழ் ரவுட்டர் முழு வலிமையில் கத்திக்கொண்டிருந்தால் மாடியிலும் −68 கிடைத்து, கைபேசி நகர மறுக்கும். இரண்டு பெட்டியிலும் ஒரே பெயரும் ஒரே கடவுச்சொல்லும் வைத்து, சேனல்களை வேறாக்கி, ஒலிபரப்பு வலிமையை நடுத்தரத்துக்குக் குறையுங்கள். பரப்பைக் கூட்ட வந்த இடத்தில் வலிமையைக் குறைக்கச் சொல்வது விசித்திரமாகத் தோன்றும். செய்து பார்த்தால் படிக்கட்டில் பேசிக்கொண்டே ஏறும் வீடியோ அழைப்பு அறுபடாமல் இருப்பது தெரியும். பெட்டிகளில், கைபேசி ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற உதவும் 802.11 கே, வி, ஆர் ஆகிய வசதிகள் இருந்தால் கே, வி இரண்டையும் இயக்கலாம். ஆர் சில பழைய கருவிகளைச் சேரவிடாமல் செய்வதால் கடைசியாக முயலலாம்.

அறிகுறி: சில கருவிகள் மட்டும் சேரவில்லை

ஸ்மார்ட் பிளக்குகளும் மலிவான வைஃபை கேமராக்களும் 2.4 ஜிகாஹெர்ட்ஸை மட்டுமே அறியும். அமைக்கும் நேரத்துக்கு மட்டும் 5 ஜிகாஹெர்ட்ஸை அணைத்துவைத்தால் சேர்ந்துவிடும். பழைய பிரிண்டர் சேரவில்லை என்றால் வைஃபையின் பாதுகாப்பு முறையை டபிள்யூபிஏ3இலிருந்து டபிள்யூபிஏ2வுக்கு இறக்கிப் பாருங்கள். ஒரு கைபேசியின் பட்டியலில் மட்டும் வைஃபை பெயரே தெரியவில்லை என்றால் ரவுட்டர் 12 அல்லது 13ஆம் சேனலில் இருக்கலாம். 5 ஜிகாஹெர்ட்ஸ் பெயர் திடீரென மறைந்து ஓரிரு நிமிடத்தில் மீண்டும் வந்தால், ரேடாருக்கு வழிவிட வேண்டிய சேனல்களில் ரவுட்டர் உட்கார்ந்திருக்கிறது. 36 முதல் 48 வரையிலோ 149 முதல் 161 வரையிலோ நிலையாக வைத்துவிடுங்கள்.

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரிலிருந்து உறவினர் கூட்டம் வந்து இறங்கிய அன்று, புதிதாக வந்தவர்களின் கைபேசி "ஐபி முகவரி பெறப்படுகிறது" என்பதிலேயே சுற்றிக்கொண்டிருந்தால், டிஎச்சிபி வரம்பு சிறியதாக வைக்கப்பட்டிருக்கிறது. 192.168.1.100 முதல் 120 வரை என்று இருப்பதை 50 முதல் 250 வரை என்று விரித்தால் போதும்.

அறிகுறி: மதிய வேளையில் மட்டும் நிற்கிறது, மின்தடையின்போது மாடி மட்டும் நிற்கிறது

வீட்டு ரவுட்டர்களின் விவரத்தாளில் இயங்கும் வெப்பநிலை 0 முதல் 40 டிகிரி வரை என்றே பொதுவாக இருக்கும். மதுரைக் கோடையில் நிழலிலேயே 40ஐத் தாண்டும் நாள்கள் உண்டு; மொட்டை மாடித் தகரக் கொட்டகைக்குள்ளோ பரணிலோ மேற்குச் சுவரில் வைத்த பெட்டிக்குள்ளோ என்ன இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. மதியம் நின்று மாலையில் தானாகச் சரியாகும் பெட்டியை ஒரு தளம் கீழே இறக்கி, காற்றோட்டமுள்ள சுவரில் செங்குத்தாக மாட்டுங்கள். அடாப்டரும் சூட்டில் தளர்வதால், அதே அளவுள்ள வேறோர் அடாப்டரைப் போட்டுப் பார்ப்பது நல்ல சோதனை; வோல்ட் ஒன்றாகவும், ஆம்பியர் பழையதற்குச் சமமாகவோ கூடுதலாகவோ இருக்க வேண்டும்.

மின்தடையின்போது கீழே ஓடி மாடியில் நின்றால், மாடிப் பெட்டியோ நடுவில் உள்ள சுவிட்சோ இன்வர்ட்டர் இணைப்பு இல்லாத பிளக்கில் இருக்கிறது. இன்வர்ட்டரில் இருந்தும், மின்சாரம் போகும் நொடியில் அணைந்து எழுந்தால், மாறும் இடைவெளியை அந்தப் பெட்டி தாங்கவில்லை. 12 வோல்ட் ரவுட்டர்களுக்கென்று விற்கும் சிறிய யுபிஎஸ் இதைத் தீர்க்கும்.

மின்கம்பி வழியாகவே நெட் அனுப்பும் பவர்லைன் அடாப்டரை முயல்பவர்கள், மூன்று ஃபேஸ் இணைப்புள்ள வீட்டில் இரண்டு பிளக்குகளும் ஒரே ஃபேஸில் இருக்க வேண்டும் என்பதை அறிந்திருக்க வேண்டும். ஸ்பைக் பஸ்டர் பலகையில் செருகாமல் நேரே சுவர் பிளக்கில் செருக வேண்டும். வேறு வழியே இல்லாத வாடகை வீட்டுக்கு மட்டும் இதைச் சொல்வேன்.

அறிகுறி: அடுத்த கட்டடத்துக்கோ தோட்டத்துக்கோ இழுத்த இணைப்பு இடிமழைக்குப் பிறகு செத்துவிட்டது

சித்திரை, வைகாசிக் கோடை மழையிலும் ஐப்பசி, கார்த்திகை அடைமழையிலும் மின்னல் அதிகம். மொட்டை மாடிக்கு மேல் தொங்கவிட்ட செம்புக் கேபிளில் மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை. அருகில் எங்கோ விழுந்தாலே நீண்ட கம்பியில் தூண்டப்படும் மின்னழுத்தம் இரு முனையிலும் உள்ள போர்ட்டுகளை எரித்துவிடும். விளக்கு எரியாத போர்ட்டை விட்டு அடுத்த போர்ட்டில் செருகிப் பாருங்கள். பல நேரம் ஒன்று மட்டுமே போயிருக்கும். ஆனால் அதே கேபிளை மீண்டும் அதே வழியில் விடுவது அடுத்த இடிக்குக் காத்திருப்பதாகும். கட்டடம் விட்டுக் கட்டடம் போகும் பகுதிக்கு ஃபைபர் இழுத்து, இரு முனையிலும், ஒளியை லேன் சிக்னலாகவும் லேன் சிக்னலை ஒளியாகவும் மாற்றும் மீடியா கன்வெர்ட்டர் வையுங்கள். கண்ணாடி இழையில் மின்சாரம் பாயாது. கேபிளைத் தாங்க இரும்புக் கம்பி சேர்ந்து வந்தால், அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். ஒற்றை இழையில் இரு பக்கமும் பேசும் கன்வெர்ட்டர்கள் ஏ, பி என்று ஜோடியாக வரும். கடைக்காரர் இரண்டு ஏ கொடுத்துவிட்டால் எவ்வளவு துடைத்துச் செருகினாலும் இணைப்பு விளக்கு எரியாது.

மேலூர், வாடிப்பட்டி, உசிலம்பட்டிப் பக்கத்துத் தோட்டங்களில் வீட்டுக்கும் மோட்டார் அறைக்கும் இடையே 100 மீட்டருக்கு மேல் இருந்தால் செம்புக் கேபிள் கணக்கில் வராது. ஃபைபர் புதைக்க முடியாத இடத்தில், எதிரெதிராகப் பார்க்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் வெளிப்புற ஆண்டெனா ஜோடி பொருந்தும். நன்றாக ஓடிய ஜோடி ஆடிக் காற்று தொடங்கியதும் விட்டுவிட்டு வந்தால், பார்வைக் கோட்டில் தென்னை மட்டை ஆடுகிறதா என்று பாருங்கள். கண்ணுக்கு எதிர்முனை தெரிந்தால் மட்டும் போதாது. 200 மீட்டர் தூரத்துக்கு நடுவழியில் அந்தக் கோட்டைச் சுற்றி ஏறத்தாழ 1.6 மீட்டர் ஆரமுள்ள வெளி அலைக்கு வேண்டும், அதில் குறைந்தது ஒரு மீட்டராவது இலையும் மட்டையும் இல்லாமல் இருக்க வேண்டும். மரத்தை வெட்டுவதற்குப் பதிலாக ஆண்டெனாக் குழாயை உயர்த்துவதே எளிது. உயர்த்திய குழாய்க்கு எர்த் கொடுத்து, காற்றில் அசையாதபடி மூன்று பக்கமும் கம்பி இழுத்துக் கட்டிய பிறகு, இரு முனையின் சிக்னல் எண்களையும் பார்த்துக்கொண்டே திசையைத் திருத்துங்கள்.